பூந்திக்கொட்டைச் சாறு: துணி துவைக்க அளவும் முறையும்

பூந்திக்கொட்டையில் துவைத்தால் அழுக்கே போகவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்படிப் போட்டீர்கள் என்பதுதான். நாலைந்து கொட்டையைச் சின்னத் துணிப்பையில் கட்டி, துணியோடு சேர்த்து மெஷினுக்குள் போட்டதாகப் பதில் வரும். விற்கிறவர்களும் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இருக்கும் முறைகளிலேயே மிகவும் பலவீனமானது இதுதான். ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

பூந்திக்கொட்டையில் நுரை தருவதும் அழுக்கைக் கிளப்புவதும் சபோனின் என்ற பொருள். அது தோலில் மட்டுமே இருக்கிறது. உள்ளே இருக்கும் கறுப்பு விதையால் துவைக்க எந்தப் பயனும் இல்லை. காய்ந்த தோலின் எடையில் சுமார் 10 சதவீதம் சபோனின் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து கொட்டையின் தோல் ஏறக்குறைய 8 கிராம். அதில் சபோனின் 0.8 கிராம். அந்தப் பையை நான்கு முறை பயன்படுத்தலாம் என்கிறார்கள். அப்படியானால் ஒரு துவைப்புக்கு 0.2 கிராம். டாப் லோடு மெஷின் 50 லிட்டர் தண்ணீர் பிடித்தால், அந்த 0.2 கிராம் 50 லிட்டரில் கரைகிறது. சாதாரண சலவைத் தூளை ஒரு முறை போடும்போது அழுக்கெடுக்கும் பொருள் மட்டும் பல கிராம் உள்ளே போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பைமுறையில் துணியைத் துவைப்பது பெரும்பாலும் தண்ணீரும் டிரம்மின் சுழற்சியும்தான் என்பது புரியும். அவை இரண்டுமே கணிசமான அழுக்கை எடுத்துவிடும் என்பதால், லேசாக அழுக்கான துணி சுத்தமாகத்தான் வெளியே வரும். கொட்டை வேலை செய்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம்.

இன்னொரு சிக்கல் வெப்பம். காய்ந்த தோலிலிருந்து சபோனின் இறங்கச் சூடும் நேரமும் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் 30 நிமிடம் ஓடும் சுற்றில், தோல் ஊறி முடிப்பதற்குள் மெஷின் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது. பிறகு அலசும் சுற்றில்தான் தோல் நன்றாக நுரை விடத் தொடங்கும்.

ஆகவே சாறு முழுவதையும் முதலிலேயே எடுத்துக்கொண்டு, அதை அளந்து ஊற்றுவதே சரியான வழி. கீழே வரும் அளவுகள் எல்லாம் ஒரே கணக்கில் அமைந்தவை: 250 கிராம் தோலுக்கு 2 லிட்டர் சாறு. அதாவது 100 மில்லி சாற்றில் 12.5 கிராம் தோலின் சத்து.

கொட்டை வாங்கும்போது

சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. இமயமலை அடிவாரப் பகுதிகளில் விளையும் வகை உருண்டையாக, ஒற்றைக் காயாக இருக்கும். தென்னிந்தியாவில் விளைவது மூன்று மடலாக ஒட்டி வளர்ந்து, காய்ந்ததும் தனித்தனியாகப் பிரியும். இரண்டுமே துவைக்க ஏற்றவை. பெயர்க் குழப்பத்தில் புங்கங்கொட்டையை வாங்கிவிட வேண்டாம். அது எண்ணெய் வித்து, துணியில் பட்டால் கறைதான் மிஞ்சும்.

விதை நீக்கியதை வாங்குவதே மேல். விதையோடு எடை போட்டால் கிட்டத்தட்ட பாதி எடை விதைக்குப் போய்விடும். விதையோடு கிடைத்தால் வெயிலில் நன்றாகக் காயவைத்து, சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் போதும், தோல் பிளந்து விதை தனியே உருண்டுவிடும். ஓங்கி அடித்தால் தோல் நொறுங்கித் தூளாகும், அந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது.

நல்ல தோல் தேன் நிறத்திலிருந்து கருஞ்சிவப்பு வரை இருக்கும். கையில் லேசாக ஒட்டும். பலர் இந்தப் பிசுபிசுப்பைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் சபோனின் எங்கும் போய்விடாது. வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சணம் படிந்ததையும், பூஞ்சண வாடை அடிப்பதையும் மட்டும் ஒதுக்கிவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

சாறு எடுத்தல்

வேண்டியவை: விதை நீக்கிய தோல் 250 கிராம், தண்ணீர் 2.75 லிட்டர், சிட்ரிக் ஆசிட் 10 கிராம், குறைந்தது 6 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரம், மெல்லிய பருத்தித் துணி, ரப்பர் கையுறை.

பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டியது நுரைக்காக. கொதி வந்த நொடியில் நுரை கிளம்பி விளிம்பைத் தாண்டி அடுப்பை அணைத்துவிடும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியும் போடாதீர்கள். பிரஷர் குக்கர் வேண்டவே வேண்டாம்: நுரையும் தோல் துணுக்கும் ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிட்டால் ஆபத்து. இரும்பும் அலுமினியமும் கூடாது. சாறு லேசான புளிப்புத் தன்மை உடையது, அந்த உலோகங்களோடு வினைபுரிந்து கறுக்கும், அந்தக் கறுப்பு வெள்ளைத் துணியில் ஏறும்.

இரவில் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் தோலைப் போட்டு ஊறவிடுங்கள். 8 முதல் 12 மணி நேரம் போதும். வெயில் காலத்தில் ஒரு நாளைத் தாண்டி ஊறினால் அப்போதே புளிக்கத் தொடங்கிவிடும், தோலில் சர்க்கரைச் சத்தும் உண்டு.

காலையில் பார்த்தால் தோல் தடித்து, மெத்தென்று ஆகியிருக்கும். அடுப்பைச் சிறு தீயில் வைத்து, நுரை பொங்காமல் தண்ணீர் மட்டும் அசையும் அளவுக்கு 30 நிமிடம் வைத்திருங்கள். பெருந்தீயில் கொதித்தால் சாறு அதிகம் இறங்காது, தண்ணீர் ஆவியாகி அடிப்பிடிக்கும், அவ்வளவுதான். இடையிடையே மரக்கரண்டியால் தோலைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்குங்கள்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு பிசையுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தவிர்க்காதீர்கள். தோலின் உட்புறத்தில் வழவழவென்று இருக்கும் சதை பிரிந்து தண்ணீரோடு சேர்வது பிசைவதால்தான். பிசையாமல் வடிகட்டினால் நல்ல பங்கு சக்கையிலேயே தங்கிவிடும். பிறகு துணியில் ஊற்றி முறுக்கிப் பிழியுங்கள். சக்கையில் மீதி 750 மில்லி தண்ணீரை ஊற்றி இன்னும் 15 நிமிடம் சிறு தீயில் வைத்து மறுபடி வடித்து, முதல் சாற்றோடு சேருங்கள்.

மொத்தம் 2 லிட்டர் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் சிறு தீயில் வற்றவையுங்கள், குறைந்தால் வெந்நீர் சேர்த்து நிரப்புங்கள். இந்த அளவு சரியாக இருந்தால்தான் பின்னால் வரும் மில்லி கணக்குக்கு அர்த்தம் இருக்கும். கண்ணளவில் எடுத்த சாறு ஒரு தடவை துவைக்கும், அடுத்த தடவை துவைக்காது.

சோதித்துப் பார்ப்பது எளிது. மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் 5 மில்லி சாறும் 100 மில்லி தண்ணீரும் ஊற்றிப் பத்து வினாடி குலுக்குங்கள். நெருக்கமான சிறு குமிழ்களாக நுரை எழும்பிச் சில நிமிடமாவது நிற்க வேண்டும். பெரிய குமிழ்களாகக் கிளம்பி உடனே அமுங்கினால் சாறு நீர்த்திருக்கிறது, அல்லது தோல் ஏற்கெனவே பயன்படுத்தியது. சக்கையையும் இதே மாதிரி சோதிக்கலாம்: ஒரு துணுக்கை வெந்நீரில் போட்டுக் குலுக்கினால் நுரை வரவில்லையென்றால் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

கெடாமல் வைப்பது

வெளியே வைத்தால் வெப்பமான நாட்களில் ஒன்றிரண்டு நாளிலேயே கெடும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். 2 லிட்டருக்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று வாரம் வரை எதிர்பார்க்கலாம். புளிப்புத் தன்மை கூடும்போது நுண்ணுயிர்கள் பெருகுவது தாமதப்படும், முற்றிலும் நிற்காது. ஆகவே புட்டியை விளிம்புவரை நிரப்பி இறுக மூடாதீர்கள், புளிக்கும்போது வரும் வாயுவால் கண்ணாடிப் புட்டி வெடிக்கலாம். பிளாஸ்டிக் புட்டி பாதுகாப்பானது.

அதிகமாகத் தயாரித்தால் ஃப்ரீசர்தான் வழி. ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளைப் பையில் சேர்த்து வைக்கலாம். உங்கள் டிரேயின் ஒரு குழிக்கு எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒரு தடவை அளந்து, பையின் மேல் எழுதிவிடுங்கள். உணவுக்குப் பயன்படுத்தும் டிரே வேண்டாம், தனி டிரே வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குக் குடிக்கும் பானம் போலவே இருப்பதால் பையிலும் புட்டியிலும் பெரிதாகப் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

புதுச் சாற்றின் வாடை லேசான புளிப்பாக இருக்கும், துணி காய்ந்ததும் போய்விடும். மேலே ஆடை படிந்தாலும், குலுக்காமல் திறக்கும்போதே குமிழ் பொங்கினாலும், அழுகல் வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள். அந்த வாடை துணியில் ஏறினால் இரண்டு மூன்று அலசலிலும் போகாது.

எவ்வளவு ஊற்றுவது

துணியின் எடையைவிடத் தண்ணீரின் அளவைப் பார்த்தே சாற்றைக் கணக்கிட வேண்டும். தண்ணீர் குறையக் குறையச் சாறு அடர்ந்து நிற்கும், வேலையும் கூடும். அதனால்தான் பூந்திக்கொட்டை வாளியில் நன்றாகவும், ஃப்ரண்ட் லோடில் சுமாராகவும், டாப் லோடில் மந்தமாகவும் வேலை செய்கிறது.

வாளியில் 8 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 150 மில்லி. 2 கிலோ வரை துணி. அரை மணி நேரம் ஊறவைத்து, கசக்கி, அழுக்குத் தண்ணீரை உடனே கொட்டி இரண்டு முறை அலசுங்கள். இரவு முழுவதும் ஊறவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

ஃப்ரண்ட் லோடு மெஷினில் 200 மில்லி, டிரம்முக்குள்ளேயே துணி மேல் ஊற்றலாம். முன்துவைப்புச் சுற்றை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சாறு முதல் தண்ணீரோடு போய்விடும். 40 டிகிரி நல்லது. டிரம்மில் மேலே ஒரு கை நுழையும் இடம் விட்டே துணி போடுங்கள். துணி மென்மையாக்கி ஊற்றும் அறையில் சாற்றை ஊற்றினால் அது கடைசி அலசலில்தான் இறங்கும், துணியில் பிசுபிசுப்பாக நிற்கும்.

டாப் லோடு மெஷினில் தண்ணீர் அளவைக் குறைந்த நிலையில் வைத்து 300 மில்லி ஊற்றி, சில நிமிடம் சுழலவிட்டு, நிறுத்தி, 20 நிமிடம் ஊறவிட்ட பிறகு தொடருங்கள். முழுத் தண்ணீர் நிலையில் ஓட்டினால் சாறு வீண்.

பொடியை மெஷினில் போட வேண்டாம். தையல் மடிப்புகளிலும் பாக்கெட் ஓரங்களிலும் பழுப்புத் துகள் தங்கிவிடும், கறுப்புத் துணியில் தெளிவாகத் தெரியும். பைமுறையை விட மனமில்லாதவர்கள் பையை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். பை அவிழ்ந்தால் தோல் துண்டுகள் வெளியேற்றும் பம்பில் போய்ச் சிக்கும், வடிகட்டியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முதல் சில துவைப்புகளில் நுரை பொங்கி வழிந்தால் அதைச் சாற்றின் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துணியில் தங்கியிருக்கும் பழைய சலவைத் தூள்தான் கரைந்து வெளியேறுகிறது. அது தீர்ந்ததும் மெஷினில் நுரை வெகுவாகக் குறையும். அப்போது பயந்து சாற்றை இரட்டிப்பாக்க வேண்டாம்.

வெள்ளைத் துணி மங்குவது

பூந்திக்கொட்டையின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது, இதை மறைத்துப் பேசுவது யாருக்கும் உதவாது. வெள்ளைப் பருத்தித் துணி பத்துப் பதினைந்து துவைப்பில் மங்கத் தொடங்கும். மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன.

சலவைத் தூளில் ஒளிரும் வெண்மையூட்டிகள் இருக்கின்றன. அவை துணியில் படிந்து, புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால் துணி உள்ளதைவிட வெள்ளையாகத் தெரிகிறது. சாற்றில் துவைக்கத் துவைக்க அந்தப் படிவு கரைந்துபோக, துணியின் இயல்பான நிறம் வெளியே வருகிறது. இது அழுக்கு இல்லை.

இரண்டாவது, கிளம்பிய அழுக்கு திரும்பத் துணியிலேயே படிவது. சலவைத் தூளில் அழுக்கைத் தண்ணீரிலேயே மிதக்கவைக்கத் தனிப் பொருள் சேர்க்கிறார்கள். சாற்றில் அது கிடையாது. நேரம் ஆக ஆக அழுக்குத் துகள் மறுபடி நூலில் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறம் கொடுக்கும். இரவு முழுவதும் ஊறவைக்கக் கூடாது என்றதும், துணியைத் திணிக்கக் கூடாது என்றதும் இதனால்தான். மூன்றாவது, சாற்றின் பழுப்பு நிறமே சரியாக அலசாத துணியில் தங்குவது.

வெள்ளைத் துணிக்குச் சாற்றோடு ஆக்சிஜன் வகை வெளுப்பானான சோடியம் பெர்கார்பனேட் 30 கிராம் சேர்த்து 40 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பெரும்பாலும் சரியாகும். குளிர்ந்த தண்ணீரில் அது மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். குளோரின் வகை வெளுப்பானோடு இதைக் கலக்கவே கூடாது.

உப்புத் தண்ணீருக்கு வாஷிங் சோடா உதவும். சபோனின் சோப்பைப் போலக் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரளாக மாறுவதில்லை, கடினத் தண்ணீரில் சாற்றுக்கு உள்ள பெரிய ஆதாயம் இது. ஆனாலும் அந்த உப்புகள் துணியில் படிந்து விறைப்பு கொடுக்கும். வாளிக்கு 10 கிராம் சோடாத் தூள் போதும். கண்ணாடி போன்ற கட்டியாக இருக்கும் வாஷிங் சோடா என்றால் அதில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதே பலனுக்கு 27 கிராம் வேண்டும். முதலில் சோடாவை வாளித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பிறகு சாற்றை ஊற்றுங்கள். சோடாவைச் சாற்றுப் புட்டியிலேயே கலந்து வைத்தால் சிட்ரிக் ஆசிடோடு சேர்ந்து பொங்கி இரண்டும் வீணாகும், சாறும் கருத்துவிடும். சோடாவோடு வினிகரும் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் உண்டு. ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்யும், இரண்டையும் ஒரே தண்ணீரில் ஊற்றாதீர்கள்.

எண்ணெய்க் கறை, ரத்தக் கறை, தேநீர்க் கறை, கழுத்துப்பட்டையில் ஏறிய பிசுக்கு ஆகியவை சாற்றுக்கு அடங்காது. புரதக் கறையை உடைக்கும் நொதி அதில் இல்லை. ரத்தத்தைக் குளிர்ந்த தண்ணீரில் உடனே அலசிவிடுங்கள், வெந்நீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். பிசுக்கில் சலவை சோப்பைத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு மற்றத் துணியோடு போடுங்கள். நோயாளியின் துணி, குழந்தையின் துடைதுணி, துண்டு, உள்ளாடை இவற்றுக்குச் சாற்றை மட்டும் நம்ப வேண்டாம். 60 டிகிரி வெந்நீரும் நல்ல சலவைத் தூளும் அங்கே வேண்டும்.

பட்டும் கம்பளியும்

சாறு தன் முழுத் திறமையைக் காட்டுவது இங்கேதான். பட்டும் கம்பளியும் புரத இழைகள், காரத்தில் பலவீனமாகும். சாதாரண சலவைத் தூள் காரம். பூந்திக்கொட்டைச் சாறு லேசான அமிலம், ஆகவே இழையின் பளபளப்பும் மென்மையும் குலையாது. சோடாவும் பெர்கார்பனேட்டும் இந்த வாளியின் பக்கமே வரக் கூடாது.

5 லிட்டர் தண்ணீர், 30 டிகிரியைத் தாண்டாத சூடு, 75 மில்லி சாறு. துணியைப் போடுவதற்கு முன், உள்மடிப்பில் ஒரு சொட்டு சாற்றை வைத்து, ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் நனைக்கவே வேண்டாம். ஒட்டவில்லையென்றால் 5 நிமிடம் மட்டும் முக்கி வைத்து, கையால் மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். கசக்கினால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும், பட்டில் மடிப்புக் கோடு விழும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், வெந்நீரிலிருந்து குளிர்நீருக்கு மாற்றினால் கம்பளி சுருங்கும். முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துண்டின் மேல் பரப்பிச் சுருட்டி அழுத்துங்கள், துண்டே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கம்பளியைத் தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

சாறு பயன்படுகிறதா என்று உறுதி செய்துகொள்ள

பழைய வெள்ளைப் பருத்தித் துணியை ஒரே அளவில் மூன்று துண்டாக வெட்டுங்கள். மூன்றிலும் ஒரே அளவு சமையல் எண்ணெயும் மண்ணும் தடவி ஒரு நாள் விடுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், ஒன்றை மேலே சொன்ன அளவில் சாற்றிலும், ஒன்றை வழக்கமான சலவைத் தூளிலும் துவையுங்கள். தண்ணீரின் அளவு, சூடு, நேரம், கசக்கும் வேகம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். சாற்றுத் துண்டு வெறும் தண்ணீர்த் துண்டைவிடத் தெளிவாக வெளுத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் சாறு நீர்த்தது, அல்லது தண்ணீருக்கு அளவு போதவில்லை. அளவை ஒன்றரை மடங்காக்கி மறுபடி பாருங்கள். வெறும் தண்ணீர்த் துண்டு இல்லாமல் செய்யும் ஒப்பீட்டில் எதுவும் தெரியாது.

மெஷினில் தொடர்ந்து சாறு ஊற்றுபவர்கள் மாதம் ஒரு முறை, துணி இல்லாமல் 60 டிகிரிக்கு மேல் ஒரு சுற்று ஓட்டி, வடிகட்டியையும் ரப்பர் வளையத்தையும் துடையுங்கள். குறைந்த சூட்டில் மட்டுமே ஓடும் மெஷினில் பிசுக்கும் பூஞ்சணமும் சேரும்.

கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் எரிச்சல் கடுமையாக இருக்கும், ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். பொடி செய்கிறவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். உடம்புத் தோலில் ஒவ்வாமை யாருக்கும் வரலாம், இயற்கைப் பொருள் என்பதால் வராது என்று சொல்ல முடியாது.

தீர்ந்த சக்கை உரக்குழிக்குப் போகலாம். சோடா கலக்காத அலசல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், சோடா கலந்தது மண்ணைக் கெடுக்கும். குளம், ஓடை, கிணற்றோரம் எதிலும் சாற்றையோ அலசல் தண்ணீரையோ கொட்டக் கூடாது. சபோனின் மீனின் செவுளைப் பாதித்துக் கொன்றுவிடும். மீன்தொட்டி உள்ள வீட்டில், சாறு எடுத்த பாத்திரத்தையும் வடிகட்டிய துணியையும் தொட்டி வேலைக்குத் தொடவே கூடாது.